லாரிக்கு ஒன்பது செகண்டு

கம்ப்யூட்டர் கேபினட்டின் முதல் திருகைத் தொடுவதற்கு முன்னால் மலர்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். கண்ணை மூடுவதில்லை, உதடும் அசைவதில்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஓர் ஆபீஸ் மேனேஜர் அவள் அடுத்த முறை வருவதற்குள் அந்த ஜன்னலோரம் பிள்ளையார் படமே மாட்டிவிட்டார். "சாமியெல்லாம் இல்லைங்க சார். நம்ம ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும். இல்லாட்டி போர்டு போயிரும்" என்று அவள் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. படத்தை மட்டும் கழற்றவில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் வேணுகோபால் நடத்துகிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் எட்டு வருடமாக இருக்கிறாள். அரியலூர், ஜெயங்கொண்டம், கிழக்கே மீன்சுருட்டி வரைக்கும் எங்கே மெஷின் படுத்தாலும் தோளில் காக்கிப் பையோடு பஸ்ஸில் போய் இறங்குகிறவள் அவள்தான். போன இடத்தில், "மெக்கானிக் எங்கம்மா, பின்னால வராரா?" என்று கேட்பார்கள். அவள் உள்ளே போய் ஜன்னல் கம்பியைத் தேடுவாள்.

மெஷினைவிட மெஷின்காரரிடம்தான் அவளுக்கு முதலில் வேலை. "எப்போலேர்ந்து?" என்று கேட்பாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "அதுக்கு முந்தி என்னா பண்ணீங்க?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எப்போலேர்ந்துன்னு சொன்னீங்க?" என்பாள். இரண்டாம் தடவை சொல்கிறபோது பெரும்பாலும் வேறு பதில் வரும். கழற்றிய திருகுகளை டிபன் பாக்ஸ் மூடியில், எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த ஒழுங்கிலேயே வட்டமாக வைப்பாள். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவாள். பழைய பார்ட் எதையும் எறிவதில்லை. அதன்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி ஊர், தேதி எழுதி, பவுடர் டின் ஒன்றில் போட்டு ஆறு மாதம் வைத்திருப்பாள். வேணுகோபாலுக்கு அந்த டின் பிடிக்காது. "கடையா இது, பழைய இரும்பு வியாபாரமா?" என்பார்.

பிறந்தது பாடாலூர் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு வெங்காயம் பறித்தவர்கள். வேலை எப்போது விடுவது என்பது, கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறவர் சொன்னால்தான். "எங்களுக்கெல்லாம் பொழுது அவுரு மணிக்கட்டுல இருந்துச்சு" என்று அம்மா ஒரு தடவை சொன்னாளாம். மலர்கொடி இதைப் பெரிதாக எடுத்துச் சொல்கிறவள் அல்ல. எடை மேடை விவகாரத்தைப் பற்றி யாராவது கேட்டால், நடுவில் ஒரு வரியாக இது வந்துவிட்டுப் போகும்.

அந்த விவகாரம் 2003 ஆனி மாதத்தில் நடந்தது.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் ஆண்டவர் என்கிற பெரியவர் ஓர் எடை மேடை வைத்திருந்தார். ஆண்டவர் என்பது அவருடைய அப்பா வைத்த பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இராப்பகலாக அந்த மேடையில் ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று லாரி நம்பர், எடை, தேதி, மணி எல்லாம் போட்டு வரிசை எண்ணோடு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும். விண்டோஸோ மவுசோ இல்லாத கறுப்புத் திரை மெஷின். பகலில் ஆண்டவரே உட்கார்ந்து தட்டுவார்.

பங்குனியில் அந்த மெஷினில் மணி மெதுவாகப் போகிறது என்று சொல்லி அனுப்பினார். மலர்கொடி போனாள். மணி தவறினால் மதர்போர்டில் இருக்கிற வில்லை பேட்டரிதான் காரணம் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மெஷினை நிறுத்தி, பேட்டரியை மாற்றி, மணி சரியாக வைத்து ஓடவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் இருந்து பார்த்தாள். கொஞ்சம் பின்தங்கினதுபோல இருந்தது, தன் வாட்சைத்தான் சந்தேகப்பட்டாள். "பேட்டரி மாற்றப்பட்டது. நேரம் சரி செய்யப்பட்டது" என்று சர்வீஸ் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல், அந்தப் பேப்பரின் ஜெராக்ஸ் காப்பி ஒன்று கடைக்கு வந்தது. கொண்டுவந்தவள் நாற்பது வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம்.

"பாப்பா, இதுல இருக்குறது ஓங் கையெழுத்தா?"

"ஆமாங்க்கா. ஏன்?"

"நான் பொன்னாயி. லாரி ஓட்டுற செல்லக்கண்ணு எங்க வூட்டுக்காரரு. இந்தப் பேப்பரத்தான் போலீஸ்ல வச்சிருக்காங்களாம். வக்கீல் குமாஸ்தா ஒரு காப்பி எடுத்துக் குடுத்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது."

நடந்ததைப் பொன்னாயி சொன்னாள். போன வெள்ளிக்கிழமை, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், மொபெட்டில் துணி மூட்டை கட்டிப்போன ஒருவரை லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் பெயர் கவுஸ். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஊர் ஊராகக் கைலி, சேலை விற்கிறவர். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். நாலு மணி டவுன் பஸ்காரர்கள்தான் அவரைப் பார்த்துத் தூக்கிப் போனது. அதனால் அடிபட்டது நாலு மணிக்குச் சற்று முன்னால் என்பதில் சந்தேகமில்லை. கல் லாரி ஒன்று வேகமாகப் போனதை வயலில் இருந்த ஒருவர் பார்த்திருக்கிறார், நம்பர் தெரியவில்லை. போலீஸ் எடை மேடைக்குப் போய்ச் சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தது. செல்லக்கண்ணுவின் சீட்டில் மணி 3.34. லோடு வண்டி அங்கிருந்து பாலத்துக்கு வர இருபது நிமிடம். கணக்காகப் பொருந்தியது.

"அவுரு நாலேகாலுக்குத்தான் மேடைய விட்டு எறங்கினேன்னு சொல்றாரு. பாலத்துக்கு வர்றப்ப ரோட்டுல ரத்தம் காஞ்சு கெடந்துச்சாம், ஆளு யாரும் இல்லியாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடான்னு கேக்குறாங்க. நேத்து ரிமாண்டு பண்ணிட்டாங்க." பொன்னாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரு பொய்யே சொல்லமாட்டாருன்னு நான் சொல்ல வரல பாப்பா. குடிச்சா சொல்லுவாரு. இதுல சொல்லல."

மலர்கொடி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் சரியாத்தான் பாத்தேன்க்கா" என்றாள்.

பொன்னாயி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். வந்த காரியம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி நடந்தாள். அந்த நடையைத்தான் தாங்க முடியவில்லை என்று மலர்கொடி பிற்பாடு சொன்னாள்.

பொன்னாயி போனதும் மலர்கொடி பவுடர் டின்னைக் கவிழ்த்தாள். அடியில், "எடை மேடை, பங்குனி" என்று காகிதம் ஒட்டிய வில்லை கிடைத்தது. மீட்டரின் இரண்டு முனையையும் அதில் வைத்தாள். முழுசாக மூன்று வோல்ட் காட்டியது. அவள் மாற்றிவிட்டு வந்தது செத்த பேட்டரி அல்ல. நன்றாக இருந்த பேட்டரி. கழற்றிய அன்று இதை அளந்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

வேணுகோபால் கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "மலரு, மூணு மாசம் ஆயிப்போச்சு. அப்ப சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு. போலீஸ் கேசுல நம்ம பேரு ஏறிச்சின்னா நாளைக்கு எந்த ஆபீஸ்காரன் நம்மளக் கூப்பிடுவான்?" என்றார்.

"அப்பயே சரியா இல்லைங்க சார்" என்றாள் அவள்.

அவள் கணவன் அறிவரசன் பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுற. மூணு நாள்ல மறுபடி காத்து எறங்கிப்போவுது. என்னா பண்ணுவ?"

"நான் ஒட்டினதா?"

"நீ ஒட்டினதுதான்."

"டயருக்குள்ள வெரல வுட்டுத் தடவுவேன். முள்ளு உள்ளயே இருக்கும். ஒட்டினது நல்லாத்தான் ஒட்டியிருக்கும். முள்ள எடுக்காம ஒட்டியிருப்பேன்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "யாரு வண்டி?"

"என் வண்டிதான்" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை, கடையில் சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினாள். எடை மேடைக்குள் அவள் நுழைந்தபோது மணி பத்தே கால். கறுப்புத் திரையின் மூலையில் 9.19 என்று இருந்தது.

அவள் அதைப் பார்ப்பதை ஆண்டவர் பார்த்துவிட்டார். "அது அப்பப்ப அப்படித்தாம்மா பின்னால நிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா சரியாயிடும்" என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்கய்யா."

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஆண்டவர் கையை எடுத்துக்கொண்டார். மலர்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்போலேர்ந்துங்கய்யா இப்படி?"

"ரொம்ப நாளாவே. நீ பேட்டரி போட்டுட்டுப் போன மறுவாரமே."

"போலீஸ் வந்தப்ப சரியா இருந்துச்சா?"

ஆண்டவர் வெளியே போகும் லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவுங்க வந்தது சனிக்கெழம ஒம்பதரைக்கு. நான் ஒம்பது மணிக்கு வந்தவொடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். ரொம்பப் பின்னால போனா வழக்கமாப் பண்றதுதான். இன்ஸ்பெக்டர் அவுரு வாட்ச வச்சுப் பாத்தாரு, நிமிஷம் பெசகாம இருந்துச்சு."

"நீங்க சொல்லலியா?"

ஆண்டவர் மேசைமேல் இருந்த சீட்டுப் புத்தகத்தை நேராக்கி வைத்தார்.

இப்போது அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பங்குனியில் அவள் பேட்டரி மாற்றியதால் மணி சரியாகவில்லை. மாற்றுவதற்காக மெஷினை நிறுத்திப் போட்டாளே, அதனால் சரியாகியிருக்கிறது. ஆண்டவர் அவ்வப்போது சுவிட்சால் செய்கிறதைத்தான் அவளும் செய்துவிட்டு, பேப்பரில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தாள். எடை புரோகிராமை மட்டும் மூடிவிட்டு, மெஷினை நிறுத்தாமல், ஃப்ளாப்பியில் இருந்த சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டினாள். திரையில் இரண்டு மணிகள் வந்தன. மேலே 9.26. கீழே 10.22.

"என்னாம்மா இது, ரெண்டு மணி?"

"உள்ள ரெண்டு கடியாரம் இருக்குங்கய்யா. கீழ இருக்குறது போர்டுல இருக்குற கடியாரம். கரண்டு இல்லாட்டியும் பேட்டரில ஓடும். அது சரியா இருக்கு. மெஷின் ஆன் ஆவுறப்ப ஒரே ஒரு தடவ அதப் பாத்து மணி வாங்கிக்கும். அதுக்கப்புறம் தானா எண்ணிக்கிட்டு வரும். சீட்டுல அடிக்கிறது தானா எண்ணுனதத்தான். எண்றப்ப எங்கியோ வுடுது. எங்க வுடுதுன்னு பாக்கணும்."

புரோகிராமை மறுபடி ஓடவிட்டு, வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்து, நோட்டில் கோடு போட்டு உட்கார்ந்தாள். லாரி எதுவும் வராத கால்மணி நேரத்தில் திரையின் மணி ஒரு செகண்டுகூடப் பிசகவில்லை. ஒரு லாரி ஏறியது. ஆண்டவர் பொத்தானைத் தட்டினார். எடை நிலைக்கும்வரை திரையில் செகண்டு எண் அசையாமல் நின்றது. சீட்டு வந்தது. நோட்டில் எழுதினாள்: ஒன்பது செகண்டு. அடுத்த லாரி: ஒன்பது. காலி வண்டி ஒன்று: அதற்கும் ஒன்பது. மேடையிலிருந்து வருகிற எடைக்காகக் காத்திருக்கிற அந்த நேரத்தில் புரோகிராம் வேறெதற்கும் காது கொடுப்பதில்லை, கடிகாரத்துக்கும் கொடுப்பதில்லை. அந்த ஒன்பது செகண்டு அந்த மெஷினைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. லாரி கூடக் கூட மணி பின்னால் போகிறது.

பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். "வே பிரிட்ஜ் கம்ப்யூட்டர் மெக்கானிக் பேசுறேங்க சார்" என்று சொல்லி இன்ஸ்பெக்டரிடம் பேசுவதற்குள் மூன்று பேரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு மேல் வருவதாகச் சொன்னார்.

இரண்டே காலுக்குக் கரண்டு போய்விட்டது. மேசைக்கடியில் யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது.

"எவ்வளவு நேரம் தாங்குங்கய்யா?"

"இருவது நிமிஷம்."

"ஜெனரேட்டர் இருக்குல்ல?"

இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஆண்டவர் எழுந்திருக்கவில்லை. மெஷின் அணைந்து மறுபடி வந்தால் இரண்டு மணியும் ஒன்றாகிவிடும் என்பது அவருக்கு இப்போது தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று போய்விடுவார். யூபிஎஸ் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"மணி தப்புன்னு எழுதுனா வெயிட்டும் தப்புன்னு சொல்லுவானுங்கம்மா" என்றார். "இருவத்தி ரெண்டு வருசமா இந்த மேடை நிக்குது. இவரு வெயிட்டு சரியா இருக்கும்னுதான் நாலு மைல் சுத்தியும் லாரிக்காரன் இங்க வரான். அந்தப் பேரு போச்சுன்னா நான் யாரு?"

 அவர் பயந்தது பொய்யான பயம் இல்லை. அதே பயத்தை முந்தின நாள் வேணுகோபால் கல்லாவில் பார்த்தாள். அதற்கும் முன்னால், "நான் சரியாத்தான் பாத்தேன்க்கா" என்று சொன்ன தன் வாயிலேயே கேட்டாள்.

"வெயிட்டு அந்தா செவப்பா நம்பர் எரியுற எடைப் பொட்டிலேர்ந்து வருதுங்கய்யா. கம்ப்யூட்டர் அத வாங்கி அடிக்கிது, அவ்வளவுதான். மணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் எழுதித் தரேன்." பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "போன தடவ எழுதிக் குடுத்தது தப்புன்னும் எழுதுவேன். அதனால இத நம்பலாம்."

 ஆண்டவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. ஐந்தாம் தடவையில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் மூன்றரைக்கு வந்தார். மலர்கொடி இரண்டு மணிகளையும் காட்டினாள். அவர் தன் வாட்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பேட்டரி மாத்தி டைம் கரெக்டுன்னு கையெழுத்துப் போட்டது நீதான?"

"நான்தாங்க சார். தப்பா எழுதிட்டேன்."

"அன்னைக்குத் தப்பா எழுதுன. இன்னைக்கு நீ சொல்றத எப்படி நம்புறது?"

"என்னை நம்ப வேணாங்க சார். ஒங்க வாட்ச வச்சு நீங்களே எண்ணுங்க."

அவர் நின்றபடியே எண்ணினார். மூன்று லாரிகள். இருபத்தேழு செகண்டு. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மீதி எல்லாம் சீட்டுப் புத்தகத்தில் இருந்தது. விபத்து நடந்த வாரம் செவ்வாய்க்கிழமை, பராமரிப்பு வேலைக்காகக் கரண்டு ஆபீஸில் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தினார்கள். ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல் ஆண்டவரும் மேடையை மூடிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினைப் போட்டதும் அடித்த முதல் சீட்டின் எண் 4119. அதிலிருந்து சனிக்கிழமை காலை வரை மெஷின் நிற்கவில்லை. செல்லக்கண்ணுவின் சீட்டு 4391. இன்ஸ்பெக்டர் தாளில் தானே கணக்குப் போட்டார். இருநூற்று எழுபத்து மூன்று தடவை, தடவைக்கு ஒன்பது செகண்டு. நாற்பத்தோரு நிமிடம் வந்தது. 3.34 என்று அடித்த சீட்டு உண்மையில் நாலேகாலுக்கு அடித்தது. கவுஸை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கால்மணி நேரம் கழிந்த பிறகும் செல்லக்கண்ணு இந்த மேடைமேல்தான் நின்றிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் சீட்டுப் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டினார். 4390 காலி வண்டி, எதிர்ப்பக்கம் போனது. 4389 லோடு வண்டி. சீட்டில் 2.57. நாற்பது நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தார். அவர் உதடு அசைவதை மலர்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டி முடிக்கும் முன்பே அவளுக்கு விடை தெரியும். பகலிலேயே நோட்டில் போட்டுப் பார்த்து, பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அந்த லாரியிலும் ஓர் ஆள் இருந்திருப்பார். அவருக்கும் வெயிலில் நடந்து வர ஒருத்தி இருப்பாள்.

"அப்ப இந்த வண்டிதான், இல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு மணிதாங்க சார் தெரியும். வண்டி தெரியாது."

அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பங்குனியில் அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றியது, மெஷினை நிறுத்திப் போட்டதால் மட்டுமே மணி சரியானது, சாயங்காலம் பின்தங்கியதைக் கண்டும் விட்டுவிட்டது என்று ஒன்றையும் விடாமல் எழுதினாள். எடையில் குறையில்லை என்பதைத் தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள். ஆண்டவர் அதை இரண்டு முறை படித்தார்.

4389 லாரியை ஓட்டியவர் நாலு நாள் கழித்துத் தானாகவே வந்து ஒப்புக்கொண்டதாகக் கேள்வி. மொபெட் குறுக்கே வந்ததைப் பார்த்தேன், இடித்ததை உணரவே இல்லை என்றாராம். உண்மையோ என்னவோ. அவர் பெயரை மலர்கொடி யாரிடமும் கேட்கவில்லை. கவுஸ் பிழைத்துக்கொண்டார். ஒரு கால் மட்டும் இன்னும் சாய்த்துத்தான் வைக்கிறார். மொபெட்டை விட்டுவிட்டு வீட்டு முன்னறையிலேயே துணி போட்டிருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுக்கு வேலையாகப் போனால் அவள் ஒரு கைலி வாங்கி வருவது உண்டு. யாரென்று சொல்லிக்கொண்டதில்லை. வேணுகோபால் பயந்தபடி இரண்டு ஆபீஸ்கள் அவர்கள் கடையை விட்டுப் போயின. அவர் ஒரு மாதம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அந்தப் பவுடர் டின்னைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் சொன்னதில்லை.

செல்லக்கண்ணு வெளியே வந்தது மறுவாரம் திங்கட்கிழமை. அன்று ஆண்டவரின் மெஷினுக்கு, தினமும் இரண்டு வேளை போர்டு கடிகாரத்திலிருந்து மணி வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு செய்துவிட்டு மலர்கொடி அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் பொன்னாயி அவளைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

செல்லக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். பத்து நாள் தாடி. "இந்தப் பாப்பாதான்" என்றாள் பொன்னாயி. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் மலர்கொடி.

"நாலேகாலுன்னு நானே நம்பாமப் போயிட்டேம்மா" என்றார் அவர். "எல்லாரும் கம்ப்யூட்டர் சொல்லுது, கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு சொல்றாங்க. உள்ள உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, ஒருவேள நாமதான் இடிச்சுட்டு மறந்துட்டமோன்னு ஆயிப்போச்சு. இடிச்ச மாதிரிகூட ஒரு நா கனவு வந்துச்சு."

 இவரைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மலர்கொடி நாலைந்து நாளாகவே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். "முதல்ல தப்பா எழுதிக் குடுத்தது நான்தாண்ணே" என்பது வரைக்கும்தான் வாயில் வந்தது. செல்லக்கண்ணு தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, அதை விடு என்கிறாரா என்று தெரியவில்லை.

மூன்று டீ வந்தது. விளிம்பு வரைக்கும் ஊற்றிய கிளாஸ். செல்லக்கண்ணு எடுத்தார். கிளாஸ் கையில் நிற்கவில்லை. விரல் நடுங்கி டீ விளிம்பு தாண்டி வழிந்தது. பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. கீழே வைத்துவிட்டு, ஆறட்டும் என்று காத்திருக்கிறவர்போல ரோட்டைப் பார்த்தார். பொன்னாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலர்கொடி தன் கிளாஸைப் பாதிவரை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு அவர் கிளாஸை எடுத்து, அதில் பாதியைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு, மீதிப் பாதியை அவர் கையில் கொடுத்தாள்.